தூணோர இருக்கை

முழங்கால் வலி என்று பல வருடமாக இந்த அரங்கத்துப் பக்கமே தலைகாட்டாத ஜெரால்டின், இன்று கணவரை முந்திக்கொண்டு மேல்தளத்துக்குப் படியேறினாள்.

பின்னால் மூச்சு வாங்க வந்த நார்பர்ட்டுக்கு எரிச்சல்.

மில்வாக்கி நாளிதழில் கூடைப்பந்தைப் பற்றியே எழுதி எழுதி ஓய்வு பெற்றவர். வேண்டிய இடத்தில் இரண்டு இருக்கை தருகிறோம் என்று அணிக்காரர்களே கூப்பிட்டார்கள். இவளோ தன்னுடைய பழைய இடம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

கல்யாணமாகி இத்தனை காலத்தில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பது இதுதான் முதல்முறை. அப்போதெல்லாம் அவர் கீழே, களத்தை ஒட்டிப் போட்டிருந்த பத்திரிகைக்காரர்கள் மேசையில் இருப்பார். இவள் சீட்டு வாங்கிக்கொண்டு இங்கே இருப்பாள்.

ஆட்டம் முழுக்கப் பார்த்துவிட்டு, காரில் ஏறியதும் கேட்பாள்: "ஆமா, ஜெயிச்சது யாரு?"

அதை நண்பர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார். உள்ளுக்குள் வலிக்கும். உயிரைக் கொடுத்துச் செய்த வேலை பெண்டாட்டிக்கு ஒரு பொருட்டே இல்லையே என்று. போதாக்குறைக்கு, அணி இறுதிப் போட்டி வரை முன்னேறிய வருடம் பார்த்து அவள் வருவதையே நிறுத்திவிட்டாள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

இன்றாவது அவளுக்கு இந்த ஆட்டத்தின் ருசியைக் காட்டிவிட வேண்டும். அந்த ஆசையோடுதான் வந்திருந்தார்.

கடைசி நிமிடம். ஊர் அணி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. தூரத்திலிருந்து ஒருவன் பந்தை எறிந்தான். பந்து மேலே போனது. போய், ஒரு கான்கிரீட் தூணுக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

அரங்கமே எழுந்து குதித்தது.

நார்பர்ட் மட்டும் அசையவில்லை. பத்திரிகைக்காரன் கைதட்டக் கூடாது. அந்தப் பழக்கம் எலும்பில் ஊறியிருந்தது.

"யோவ் பெரிசு, கை வெளங்கலையா? தட்டுய்யா!" என்று பின் வரிசையிலிருந்து ஒருவன் பீர் சிந்தக் கத்தினான்.

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "இங்கேர்ந்து கூடையே தெரியலையே ஜெரி! இத்தனை வருஷம் என்னத்தப் பார்த்தே?"

அவள் நிலக்கடலை உரிப்பதை நிறுத்தவில்லை. தாடையால் கீழே காட்டினாள்.

"அதோ, செவப்புத் தொப்பிக்காரன் உக்காந்திருக்கான் பாரு. அங்கதான் நீ இருப்பே. ஊரே குதிக்கும், நீ ஒருத்தன் மட்டும் தலையைக் குனிஞ்சு டைப் தட்டிக்கிட்டே இருப்பே. பக்கத்துல வாங்கி வச்ச சாசேஜ் திங்காம ஆறிப்போய்க் கெடக்கும். பாவமா இருக்கும்."

நார்பர்ட் பார்த்தார். தூண் மறைக்காமல், தலைகள் மறைக்காமல், அந்த ஒரு இடம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. இப்போது அங்கே மேசை இல்லை. பணக்காரர்களுக்கு மெத்தை நாற்காலி போட்டுவிட்டு, எழுதுகிறவர்களைக் கூரையோரத்துக் கூண்டில் ஏற்றிவிட்டார்கள். அங்கே இருப்பவர்களை எந்த இருக்கையிலிருந்தும் யாராலும் பார்க்க முடியாது.

அப்படி மாற்றியது எந்த வருடம் என்று யோசித்தார்.

அணி இறுதிப் போட்டி வரை முன்னேறிய வருடம். ஜெரால்டினுக்கு முழங்கால் வலி வந்த வருடம்.