மூழ்கிய தோணியின் கதவு

என் புருஷன் கஸ்பாரோடு மூழ்கிய தோணியை, கடலடியில் கிடக்கிறபடியே மீன்தொட்டிக்குள் சின்னதாகச் செய்து தரச் சொல்லி ரொசாரியோவிடம் நான்தான் கேட்டேன். அந்தத் தோணிக்குத் தண்டல் அவர். ஓட்டிப் போனவரும் அவர், தப்பி வந்தவரும் அவர். "தொண்ட கிழியக் கூப்பிட்டேன், கஸ்பார் சமையல் ரூமை விட்டு வரவே இல்ல" என்று என் வாசலில் வந்து அழுதார்.

ஆறு மாதமாகச் செய்கிறார். தினமும் போய் நிற்பேன். பாய்மரத்தை ஒட்டுவார், பிய்ப்பார், மறுபடியும் ஒட்டுவார். பொறுக்க முடியாமல் சங்கு குளிக்கிற மோட்சத்தைக் கூட்டிப் போனேன். அந்தத் தோணியை முங்கிப் பார்த்தவன் அவன் ஒருத்தன்தான்.

மோட்சம் தொட்டியைச் சுற்றி வந்தான். "பாய்மரம் சரி. நங்கூரம் சரி." பிறகு குனிந்தான். "சமையல் ரூம் கதவ ஏன் அண்ணாச்சி தொறந்து வச்சிருக்கீரு? அங்கன வெளிய தாப்பா போட்டுல்லா கெடக்கு."

தண்டல் தொட்டிக்குள் கையை விட்டார். கதவை மூடினார். தாழ்ப்பாளுக்காகத் தீக்குச்சியில் ஒரு துணுக்கை நறுக்கி இடுக்கியில் எடுத்தார். வைக்க முடியாமல் கை ஆடியது.

"நிதானமாப் போடும், தண்டலே," என்றேன். "அன்னைக்குக் கை ஆடலல்லா."