டவர் தாங்காது

“இந்த டவர் தாங்காது. டிஷ் ஏத்த முடியாது.”

எஞ்சினியர் சத்தியதாஸ் சொன்னதும் தேயிலைத் தோட்ட லய வீடுகளின் வாசலில் நின்றவர்களின் முகம் விழுந்தது. மலைக்கு இன்டர்நெட் வருகிறது என்று கொழுந்து கிள்ளக்கூடப் போகாமல் காத்திருந்தார்கள்.

“தாங்காதா? போன மழைக்கு மரமெல்லாம் சாய்ஞ்சது, இது நின்னுச்சே சாரே!” என்றாள் சரோஜம்.

“வெறுமனே நிக்கும்மா. மேல டிஷ் வச்சா காத்து பிடிச்சு இழுக்கும். பிள்ளைகளை அது பக்கத்துல விடாதீங்க.”

இடுப்பில் குழந்தையோடு லிபி முன்னால் வந்தாள்.

“இவளுக்கு வலிப்பு வரும் சார். போன் கிடைக்காது. விதுரா ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள உதடு நீலமாயிடுது. நெட் வந்தா வீடியோவில பார்த்து என்ன செய்யணும்னு உடனே சொல்றேன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. எப்படியாவது…”

“முடியாதும்மா.”

“உங்க பிள்ளையா இருந்தா?”

சரோஜம் குறுக்கிட்டாள்.

“விடு லிபி. சாருக்கு நம்ம பிள்ளை பிள்ளையா? அப்படி டவர்ல என்னதான் குறை, அதையாவது சொல்லுங்க!”

“அதைத்தான் சொல்ல வந்தேன்…”

மழை கொட்டத் தொடங்கியது. கோபம் இருந்தாலும் நனைய விட லிபிக்கு மனசு வரவில்லை. உள்ளே கூப்பிட்டாள். குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டுக் பாலில்லாத கட்டன்சாயா கொடுத்தாள்.

அவர் குடிக்கவில்லை. அண்ணாந்து கூரையைப் பார்த்தபடியே இருந்தார்.

“டவரைப் பாக்க வந்தீங்களா, எங்க வீட்டைப் பாக்க வந்தீங்களா?”

டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வெளியே வந்தார்.

சரோஜம் விடவில்லை. “என்னமோ சொல்ல வந்தீங்களே?”

“துரு. டவரெல்லாம் துருப் பிடிச்சிருக்கு.”

“துரு உங்க மனசில சாரே!”

“நல்லா இருங்க” என்றாள் லிபி.

ஜீப் வளைவு திரும்பியதும் டிரைவர் மைதீன் கேட்டான்.

“எங்க சாரே துரு? நானும் பார்த்தேனே. அடியில குறுக்கா இருந்த இரும்பு ஆங்கிளை எல்லாம் எவனோ கழட்டிட்டுப் போயிருக்கான். களவுன்னு எழுதினா போலீஸ் வீடு வீடாப் புகுந்து எடுத்துத் தரும். திரும்ப மாட்டிட்டா டிஷ் ஏத்திடலாம், அல்லே?”

“புதுசுக்கு எழுதிப் போடறேன்.”

“அது வந்து சேர மழைக்காலமே முடிஞ்சிடும். அதுவரைக்கும் அந்தப் பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?”

சத்தியதாஸ் ரிப்போர்ட் தாளை மடித்துப் பையில் வைத்தார்.

“அந்த ஆங்கிள் இல்லேன்னா இன்னிக்கு ராத்திரியே ஆயிடும் மைதீன். அவ தொட்டிலுக்கு மேல இடிஞ்ச கூரையைத் தாங்கிட்டு நிக்கிறதே அதுதான்.”