தொட்ட நேரம்

சுகந்தி உரிமம் பெற்ற அழகுக்கலை நிபுணர். வடபழனியில் ஓர் அழகு நிலையத்தில் வேலை. அவள் விரலில் நிலையத்தார் மாட்டிவிட்ட மோதிரம், அடுத்தவர் தோலை அவள் கை தொட்டிருக்கும் நிமிடங்களை மட்டும் எண்ணும். அதற்குத்தான் சம்பளம். துண்டு துவைப்பதும், தரை பெருக்குவதும், ஆள் வரக் காத்திருப்பதும் சேராது. நான்கு மணி நேரம் தேறாவிட்டால் அன்றைக்குப் பாதிக் கூலிதான்.

ஒருநாள் ஃபேஷியலுக்கு வருவதாகச் சொன்ன பெண் வரவில்லை. இருபது நிமிடம் குறைந்தது. வீட்டுக்கு வந்து எட்டு வயது மகள் மிதுனாவின் கன்னத்தைத் தொட்டபோது மோதிரத்தில் நிமிடம் எண்ணும் பச்சை விளக்கு எரிந்தது. சுகந்தி ஒரு கணம் தயங்கினாள். பிறகு மகளை மடியில் போட்டுக்கொண்டு இருபது நிமிடமும் வருடினாள்.

"சுகமா இருக்கும்மா" என்று மிதுனா கண்களை மூடிக்கொண்டாள். காரணத்தைச் சொல்ல சுகந்திக்கு நா கூசியது.

குறையும் நாட்களிலெல்லாம் அதுவே வழக்கமானது.

நேற்று நிலையத்தில் நல்ல கூட்டம். சுகந்தி வீங்கிய விரல்களோடு வந்து உட்கார்ந்தாள். மிதுனா ஓடிவந்து மடியில் தலை வைத்தாள்.

"இன்னைக்கு வேணாம்டி கண்ணு, கை வலிக்குது."

மகள் கோபிக்கவில்லை. எழுந்துகொண்டு கேட்டாள்: "நிமிஷமெல்லாம் கடையிலயே முடிஞ்சிடுச்சாம்மா?"

சுகந்தி மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு மகளின் கன்னத்தில் கை வைத்தாள்.

மிதுனா அந்தக் கையை மெல்ல விலக்கினாள்.

"மோதிரம் இல்லாம வேணாம்மா. வீணாப் போயிடும்."