ஆளுக்கு ஆறு

"இது நாலாம் நம்பரா, ரெண்டாம் நம்பரா?"

தோட்டாப் பெட்டியை மூக்கில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார் ப்ரூவிட். எழுத்து பிடிபடவில்லை போலும். பெட்டியை டென்டனிடமே நீட்டினார்.

"நாலு, சார். இரும்பு ரவை. மரத்துக்கு நடுவுல வாத்து தலைக்கு மேலயே வந்து எறங்கும், பொடி ரவைதான் சரி. உங்க துப்பாக்கிக் கொழா முனையில அகலமான சோக்கா மாட்டிட்டேன், நல்லாப் பரவி அடிக்கும். கண்ண மூடிக்கிட்டுச் சுட்டாலும் படும்."

"கண்ணத் தொறந்தாலும் எனக்கு இப்பல்லாம் அதே கததான், மாப்ளே."

மாப்ளே! காட்டுக்குள் தேங்கிய தொடை ஆழத் தண்ணீரில் விறைத்துக்கொண்டு நின்ற டென்டனுக்கு அந்த ஒரு வார்த்தையில் உடம்பெல்லாம் சூடேறியது. மூன்று வருஷமாகத் தன் மகள் மெர்லீனைத் தர மாட்டேன் என்று முரண்டு பிடித்த மனுஷன், நேற்று தானாகவே கூப்பிட்டு, "காலைல என்கூட வேட்டைக்கு வா. நீ எப்படிப்பட்டவன்னு பாத்துட்டு முடிவு சொல்றேன்" என்றிருக்கிறார். ஆர்கன்சாவில் பெண் கேட்கிறவனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை உண்டா?

"ஆளுக்கு ஆறு வாத்து, ஞாபகம் வெச்சுக்க" என்றார் கிழவர். "உன் ஆறுக்கு மேல ஒண்ணு சுட்டாலும் ஒன்னோட வழிகாட்டி லைசென்ஸ் போச்சு."

"அப்புறம் என் சோத்துல மண்ணுதான், சார். தெரியாதா?"

"எனக்குன்னு நீ சுட்டுத் தர்றதும் குத்தம்தான்."

"சாருக்கு நான் சுட்டுத் தர்றதாவது! நல்லாருக்கே!"

"லைசென்ஸ் இல்லாதவனுக்கு என் பொண்ணு கெடையாது. சொல்லிட்டேன்."

டென்டன் பல்லைக் காட்டிக்கொண்டே தன் துப்பாக்கியைத் தடவினான். அதில் மட்டும் இறுக்கமான சோக்கைத் திருகியிருந்தான். கிழவர் குறி வைக்கிற வாத்தை மட்டும் இவன் ரவை அடிக்க வேண்டும். பரவிப் போய் நாலைந்து விழுந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். வருஷா வருஷம் வெளியூர்ப் பணக்காரர்களைக் காட்டுக்குக் கூட்டிவந்து பிழைக்கிறவன் அவன். குறி தப்பினவன் மனசைக் குளிரவைப்பது அவனுக்குத் தண்ணி பட்ட பாடு.

இருவரும் காதை அடைத்துக்கொண்டார்கள். டென்டன் வாத்து மாதிரி கத்தும் ஊதலை ஊதினான். மேலே வட்டமடித்த கூட்டம் சிறகை மடித்துக்கொண்டு மரங்களுக்கு நடுவே இறங்கியது.

"சுடு!" என்று கத்திக்கொண்டே கிழவர் துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றினார். அதே நொடியில் டென்டன் விசையை இழுத்தான். பச்சைத் தலை வாத்து ஒன்று தொப்பென்று தண்ணீரில் விழுந்தது.

காதடைப்பை எடுத்துவிட்டு, "யாருதுப்பா அது?" என்றார் கிழவர்.

"உங்களுதேதான், சார்! என்னுது கெளையில போய்ப் பட்டுச்சு. சும்மா சொல்லக் கூடாது, இந்த வயசுல என்னா குறி!"

"நெசமாவா? எனக்கென்னமோ நம்பிக்கை இல்ல."

"மெர்லீன் மேல சத்தியமா, சார்!"

கிழவர் தடித்த கம்பளி உறை போட்ட கையால் மீசையைத் துடைத்துக்கொண்டார். படகிலிருந்து இறங்கியதிலிருந்து அந்த உறையை அவர் கழற்றவே இல்லை. இந்தக் கையோடு சுட்டால் எங்கே உருப்படும் என்று டென்டன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

அதன்பின் பொய்யும் வாத்தும் மாறி மாறி விழுந்தன. "அடிச்சீங்க பாருங்க!", "ஐயோ, இதையும் நீங்களே தட்டிட்டீங்களே!" என்று அவன் கூவக் கூவ, கிழவர் வெட்கப்பட்ட மாதிரி தலையை ஆட்டினார். கிழவர் பேருக்கு ஆறு சேர்ந்தது. தன் பேருக்கு அஞ்சோடு நிறுத்திக்கொண்டான் டென்டன். மாமனாரைவிட ஒன்று குறைவாக இருப்பதுதானே அழகு?

மரங்களுக்கு நடுவே ஒரு படகு வந்து நின்றது. வேட்டை இலாகா அதிகாரி கேல்வின் இறங்கினார்.

"காலைல வந்து பாக்கச் சொன்னீங்களே, மிஸ்டர் ப்ரூவிட்."

"ஆமா, வா வா. எல்லாத்தையும் எண்ணிப் பாரு."

டென்டனுக்குப் பெருமை பிடிபடவில்லை. தன் வருங்கால மாப்பிள்ளையின் யோக்கியதையை அதிகாரிக்கே காட்டுகிறார் மனுஷன்!

"மொத்தம் பதினொண்ணு" என்றார் கேல்வின். "ரெண்டு பேருக்குப் பன்னெண்டு வரைக்கும் போலாம். யாருது எத்தனை?"

"அவருது ஆறு, என்னுது அஞ்சு" என்று முந்திக்கொண்டான் டென்டன். "சார் ஒரு தோட்டாவையும் வீணாக்கல!"

கிழவர் நிதானமாகக் கையுறையைக் கழற்றினார். துப்பாக்கியை மடக்கித் திறந்து அதிகாரியிடம் நீட்டினார்.

"நான் எங்கப்பா சுட்டேன்? மருந்து வாடை வருதான்னு கொழாய மோந்து பாரு."