வெந்துபோன அடுக்களை

ஆயிரம் வருடத்துக்கு முந்தைய மாயா இனத்து அடுக்களை ஒன்றின் விலை மூட்டைக்கு நாற்பது கெட்சால்; நான் முப்பத்தைந்துக்குப் பேசி முடித்திருக்கிறேன். காளவாய் இன்னும் புகைகிறது. சோளக்கொல்லை ஓரத்தில் கண் கூசும் வெள்ளையாகக் குவிந்த சுண்ணாம்பைக் கொல்லைக்காரன் கிறிசாந்தோ எனக்காக அள்ளி மூட்டை கட்டுகிறான். தொல்லியல் ஆய்வாளர் இர்மா, போன வருடம் மழைக்குப் பயந்து தான் மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போன அடுக்களையின் வரைபடத்தை விரித்தபடி நிற்கிறாள். சுவர், தேய்ந்த வாசற்படி, கரி படிந்த மூன்று அடுப்புக்கற்கள், எல்லாம் தாளில் இருக்கின்றன. எதிரே வெறும் குழி.

"முழுசாக் கெடைச்ச ஒரே வீடு, கிறிசாந்தோ அண்ணே. இந்த வருஷம் தோண்டத்தானே மூடிவச்சேன்?"

"வேணும்னா யாராச்சும் மண்ணைப் போட்டு மூடுவாங்களா, டாக்டரம்மா? வேண்டாம்னு விட்டுட்டீங்கன்னு நெனச்சேன். நல்ல சுண்ணாம்புக் கல்லு, காளவாய்ல ரெண்டே நாள்ல வெந்துருச்சு."

"அடுப்புக்கல்லு?"

"அதுவுந்தான்."

அவன் மனைவி ரெஃபுகியா சூடான சோள ரொட்டியை நீட்டுகிறாள். "சாப்புடுங்கம்மா, இந்தச் சுண்ணாம்புலதான் சோளத்தை ஊறவச்சேன்."

இர்மா ரொட்டியை வாங்கிக்கொள்கிறாள். வாய்க்குக் கொண்டுபோகவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. வரைபடத்தின் மேல் சுண்ணாம்புத் தூசி படிகிறது. நான் சத்தமாகக் கணக்குச் சொல்கிறேன்: மூட்டை பதினொன்று, முன்னூற்று எண்பத்தைந்து கெட்சால், பாக்கி ஒன்றுமில்லை.