சத்தம் வராத சைக்கிள்

"ஏலே சங்கிலி, எந்தச் சைக்கிளத் தொடுதாருன்னு மட்டும் பாத்துட்டுச் சொல்லு. சாயங்காலமே அதை அவரு வீட்டுல எறக்கிருவோம்."

முதலாளி மணிகண்டராஜ் போனை வைத்துவிட்டார்.

விருதுநகரில் ஒரு சைக்கிள் கடைக்குள் சங்கிலிமுத்து நுழைந்தான். பட்டாசுக் கம்பெனிகளைச் சோதனை போட வந்திருக்கும் புது அதிகாரி சங்கரபாண்டியன், இரண்டு லட்ச ரூபாய் சைக்கிள் ஒன்றைத் தடவிக்கொண்டு நின்றார்.

இவரும் அப்படித்தானா?

போன அதிகாரி வீட்டுக்கு ஃபிரிட்ஜ் போனது. அதற்கு முந்தியவருக்கு மகள் கல்யாணத்துக்கு வளையல். அதனால்தான் மணிகண்டராஜின் ஏழாயிரம்பண்ணைக் கம்பெனியில் நாலு பேர் உட்கார வேண்டிய அறையில் பதினோரு பேர் உட்கார்ந்து பட்டாசுக்கு வெடிமருந்து செலுத்துகிறார்கள். அதில் ஒருத்தி சங்கிலிமுத்துவின் பெண்டாட்டி பொன்மணி.

அவன் அங்கே போர்மேன். மண் ரோட்டில் ஜீப்புப் புழுதி தெரிந்தால் விசில் ஊத வேண்டும். ஏழு பேர் எழுந்து பக்கத்துப் பருத்திக்காட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்வார்கள். அதிகாரி வந்து பார்த்தால் அறைக்கு நாலே பேர்.

போன வருசம் பக்கத்துக் கம்பெனி வெடித்ததிலிருந்து, ரோட்டில் லாரி டயர் வெடித்தால்கூட அவனுக்குப் பொன்மணி முகம்தான் முன்னால் வரும். ஆனாலும் முதலாளியிடம் வாயைத் திறந்ததில்லை. பயம்.

சின்னப்பிள்ளைச் சைக்கிளைப் பார்ப்பதுபோல் நின்று காதைக் கொடுத்தான்.

"முன்னாடி மட்டும் ஷாக் அப்சார்பர் இருந்தாப் போதாதா?" என்றார் அதிகாரி.

"எங்கன ஓட்டப் போறீக சார்?" என்று கேட்டார் கடைக்காரர் புகழேந்தி.

"தண்ணியில்லாத ஓடை. நாலு கிலோமீட்டர். பூராவும் உருட்டுக்கல்லு."

"அப்ப பின்னாடியும் ஷாக் வேணும். இந்தா, உக்காந்து அமுக்கிப் பாருங்க. கல்லுல ஏறி எறங்கினாலும் டயரு தரைய விடாது."

"கருவேலமுள்ளு?"

"டியூப் கிடையாது சார். டயருக்குள்ள பால் மாதிரி ஒண்ணு ஊத்திருக்கும். முள்ளு குத்துனா அதுவே அடைச்சுக்கிரும்."

அதிகாரி பின்சக்கரத்தைத் தூக்கிப் பெடலைச் சுற்றிவிட்டார். பெடல் நின்றதும் சக்கரம் வண்டு மாதிரி 'கிர்ர்ர்' என்று கத்தியது.

"இந்தச் சத்தம் வராததா ஒண்ணு காட்டுங்க."

புகழேந்தி சிரித்தார். "இந்தச் சத்தத்துக்காகவே வாங்குதாக சார்!"

"எனக்கு வேண்டாம். பக்கத்துல வந்து நின்னாக்கூடத் தெரியக் கூடாது."

சங்கிலிமுத்துவுக்குச் சட்டென்று புரிந்தது. அந்த நாலு கிலோமீட்டர் ஓடை கம்பெனிக்குப் பின்பக்கம்தான் வந்து முட்டும். இவருக்கு யார் சொன்னது?

அதிகாரி மூன்று சைக்கிளைச் சுற்றிப் பார்த்து, சத்தமில்லாத ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தன் பேங்க் கார்டை எடுத்து நீட்டினார்.

சங்கிலிமுத்து வெளியே வந்தான். போன் அடித்தது.

"என்னலே? எதைப் பாத்தாரு?"

ஒரு வார்த்தை போதும். ஓடைக்கரையில் காவலுக்கு ஆள் உட்கார்ந்துவிடும். மறைத்தது தெரிந்தாலோ, சுற்றுவட்டாரத்தில் எந்தக் கம்பெனியும் அவனை உள்ளே விடாது.

"ஒண்ணும் வாங்கல மொதலாளி. வெலையக் கேட்டுட்டுப் போயிட்டாரு."

அவன் குரல் அவனுக்கே வேறு ஆள் குரல் மாதிரி இருந்தது.

ஒன்பது நாள் சோறு இறங்கவில்லை. ஓடைப் பக்கம் ஆடு நகர்ந்தாலும் திரும்பிப் பார்த்தான்.

பத்தாம் நாள் காலை பதினொரு மணிக்கு, கருவேலமரங்களுக்கு நடுவே ஹெல்மெட் போட்ட தலை ஒன்று தெரிந்தது. சைக்கிள் ஓடைக்கரை ஏறியது. ஒரு சத்தம் இல்லை.

பழக்கத்தில் கை விசிலை எடுத்து உதட்டுக்குக் கொண்டுபோய்விட்டது. முதலாளி ஆபீஸ் அறையில்தான் இருக்கிறார். ஜன்னல் திறந்திருக்கிறது. பார்க்கிறாரோ?

விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு கக்கூஸ் பக்கம் நடந்தான்.

பதினோரு பேரும் உள்ளே இருக்கும்போதே அந்த அறையின் வாசலில் வந்து நின்றார் அதிகாரி.

"யாரும் பதறாதீங்க. கையில இருக்கிறத மெதுவா கீழ வச்சிட்டு, ஒவ்வொருத்தரா வெளிய வாங்க."

மத்தியானத்துக்குள் கம்பெனிக்குச் சீல் வைத்துவிட்டார்கள்.

"நீ எங்கலே தொலைஞ்ச?" முதலாளி எல்லார் முன்னாலும் சட்டையைப் பிடித்தார். "எந்த நாயி அந்த ஆளுக்கு ஓடை வழியக் காட்டுனது?"

"தெரியாது மொதலாளி. வயித்தைக் கலக்குச்சு, கக்கூசுக்குப் போயிருந்தேன்."

வீட்டுக்கு வந்தான். பொன்மணி கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்லவும் பயம்தான். ரெண்டு பேருக்கும் வேலை இல்லாமல் ஆக்கியது நீங்கதானா என்று கேட்டால்?

மென்று முழுங்கிச் சொல்லிவிட்டான். "பொன்மணி... அவரு வந்ததை நான் பாத்தேன். வேணும்னுதான் விசில் ஊதல."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

"வேற வேலை பாத்துக்கிருவோம். அழாத."

"வேலைக்கு அழுகல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "சூலக்கரை கலெக்டர் ஆபீசுல பேரில்லாம மனு போட்டது நான்தான். அதுல ஓடை வழியப் படமா வரைஞ்சதும் நான்தான்."

"நீயா? பாவி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?"

பொன்மணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"எப்படிச் சொல்லுவேன்? நீங்க மொதலாளிக்கு விசில் ஊதுத ஆளு. மருந்தக் கண்டுகூட எனக்கு அம்புட்டுப் பயமில்ல. உங்களக் கண்டுதான் பயந்தேன்."