மாமாவின் இடது கன்னம்

“என் கையைத் தட்டி விடறார்மா. நீங்களே தொட்டுப் பாருங்க,” என்றார் நரம்பு டாக்டர்.

அக்கா கட்டிலருகே போனாள். நான் வழக்கம்போல் கொஞ்சம் பின்வாங்கினேன்.

தொட வேண்டியது அவள் கணவரின், அதாவது என் மாமாவின், இடது கன்னத்தை. அதைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு இதுவரை வாய்ப்புக் கிடைத்ததில்லை.

இரண்டு வருடமாக அந்தக் கன்னத்தில் தண்ணீர் பட்டதில்லை. காற்று பட்டாலே கரண்ட் பாய்ந்ததுபோல் துடிப்பார். வலது பக்கம் மழுமழுவென்று சவரம். இடது பக்கம் தாடி. தாடிக்குள் நேற்றைய சாப்பாடு, முந்தாநாள் சாப்பாடு, எந்தக் காலத்தது என்று சொல்ல முடியாத சாப்பாடு.

பல் துலக்குவதும் வலது பக்கம் மட்டும்தான். இடது பக்கப் பற்களில் மஞ்சளாகப் பாசி பிடித்திருந்தது. மனிதர் கொட்டாவி விட்டால் எதிரில் இருப்பவன் செத்தான். அவர்கள் வீட்டில் தங்கிக் கல்லூரிக்குப் போகும் எனக்கு, எதிரில் இருப்பதுதான் முழுநேர வேலை.

வாயோரம் எச்சில் வழியும். துடைக்க மாட்டார், துடைத்தால் வலிக்குமே. அது தாடிக்குள் இறங்கி, காய்ந்து, வெள்ளையாகப் பொருக்குத் தட்டும். ஈக்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது.

பாப்பா, அவர் பெற்ற மகள், அப்பாவின் வலது பக்கம் இடம் காலியாக இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடவே வருவாள்.

முதலில் பல்வலி என்றோம். பல் டாக்டரும் அதையே சொல்லி, நன்றாக இருந்த கடைவாய்ப் பற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பற்கள் போயின. வலி அசையவில்லை.

கடைசியில் ஸ்கேன்தான் காட்டிக்கொடுத்தது. மண்டைக்குள் ஒரு ரத்தக்குழாய் தப்பாக வளைந்து, முகத்துக்குப் போகும் நரம்பின்மேல் சாய்ந்து கிடந்தது. அது துடிக்கும் ஒவ்வொரு தடவையும் நரம்புக்கு ஓர் இடி. காதுக்குப் பின்னால் திறந்து, இரண்டுக்கும் நடுவில் பஞ்சுபோல் ஒரு துண்டைச் சொருகிப் பிரித்து வைத்தார்கள்.

மயக்கத்தில் இருக்கும்போதே நர்ஸ்கள் தாடியை மழித்து, முகத்தைக் கழுவி, வாயையும் சுத்தம் செய்துவிட்டார்கள். மாமாவுக்கு இரண்டு கன்னம் உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

இத்தனை நாளும் அவரைப் பார்த்துக்கொண்டவள் அக்காதான். மெல்ல முடியாமல் அவர் துப்புவதை வெறும் உள்ளங்கையில் ஏந்திக்கொள்வாள். கையை முந்தானையில் துடைத்துவிட்டு அடுத்த வாய் ஊட்டுவாள். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. சொந்தக்காரர்கள் அவளைத் தெய்வம் என்றார்கள். எனக்கு அந்தத் தெய்வத்தின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவும் குமட்டியது.

உதடு அசைந்தாலே வலி என்பதால் மாமாவுக்குப் பேச்சும் நின்றிருந்தது. எல்லாம் கைஜாடைதான். அதற்கு முன் அவர் வாயைத் திறந்தால் தெருமுனைவரை கேட்கும்.

இப்போது தொட்டு வலித்தால் ஆபரேஷன் வீண். மறுபடியும் தாடி, மறுபடியும் பாசி.

“வலி போயிட்டா, முன்ன மாதிரி நல்லா பேசுவாரா டாக்டர்?” என்று கேட்டாள் அக்கா.

“தாராளமா.”

அக்கா கையை முந்தானையில் ஒருமுறை துடைத்துக்கொண்டாள். பிறகு விரல் நுனியால் தொட்டாள். மாமா கண்களை இறுக மூடிக்கொண்டார். உள்ளங்கையை முழுசாகப் பதித்தாள்.

ஒன்றும் ஆகவில்லை.

மாமா மெதுவாகக் கண்ணைத் திறந்தார். தாடையை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார். இரண்டு வருடத்துக்கு அப்புறம் அவருடைய முதல் முழு வாக்கியம் கணீரென்று வெளியே வந்தது.

“சனியனே, கையா இது? உப்புத்தாள் மாதிரி இருக்கு. எடு அந்தப் பக்கம்!”

டாக்டர் சந்தோஷமாகச் சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அக்கா கையை எடுத்தாள். மூலையில் இருந்த வாஷ்பேசினுக்குப் போய் சோப்புப் போட்டாள். விரல் இடுக்கெல்லாம் தேய்த்தாள். முகர்ந்து பார்த்தாள். நான் பார்த்தே இராத மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு, மறுபடியும் சோப்புப் போட்டாள்.

அந்தக் கன்னம் இருப்பதிலேயே சுத்தமாக இருக்கும் நாளில் அதைத் தொட்டுவிட்டு எதைக் கழுவுகிறாள் என்று புரியாமல், நான் துண்டை நீட்டினேன்.

“டேய், வீட்டுக்குப் போய் என் கட்டிலுக்கு அடியில கட்டி வெச்சிருக்கற பையை எடுத்துட்டு வா. பாப்பாவைக் கூட்டிக்கிட்டு அம்மாகிட்ட போயிடறேன்,” என்றாள், கையிலிருந்து கண்ணெடுக்காமல். “அவ கவுனு மட்டும் வேற எடுத்து வை. உள்ள இருக்கறது எதுவும் அவளுக்கு இப்பப் பத்தாது.”